கலர் படம் சரி... கரை எங்கே?

நண்பர்களே, புராஜக்ட் ரெவ்யூ நாளில் கம்ப்யூட்டர் லேப் பக்கம் போய் நின்று பாருங்கள். எந்த கோஷ்டியின் திரையில் சிவப்பும் நீலமும் அதிகமாகச் சுழல்கிறதோ, அந்த கோஷ்டிக்குத்தான் சபாஷ். "மெஷ் எத்தனை லட்சம்பா?" என்று கேட்பார்கள். "தண்ணீர் நுழையும் இடத்தில் என்ன கொடுத்தாய்? வெளியேறும் இடத்தை எங்கே வைத்தாய்?" என்று கேட்பவர் அபூர்வம். வெளிவாயிலைத் தள்ளி வைத்து மறுபடி ஓட்டிப் பார்க்கிற கோஷ்டியோ பாதி ரிசல்ட்டோடு நிற்கும், மார்க்கும் குறையும். இது நியாயமா?

நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு தோட்டத்துக் குழாய்க்கும் அதேதான், விமான இறக்கைக்கும் அதேதான். குழாயைக் குழாயாகவும் இறக்கையை இறக்கையாகவும் ஆக்குவது, ஓரங்களில் நாம் கொடுக்கும் எல்லை நிபந்தனைகள். பவுண்டரி கண்டிஷன் என்று நாம் வாயளவில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறோமே, அதுதான். கரை இல்லாமல் ஆறு உண்டா?

சுவரில் சிக்கல் குறைவு. சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாய்மம் சுவரோடு ஒட்டி நிற்கும், சுவர் நகர்ந்தால் கூடவே நகரும். ஹாஸ்டல் ஃபேன் நாள் முழுக்கச் சுற்றினாலும் இறக்கையில் படிந்த தூசு போவதில்லையே, அதற்கு இதுவும் ஒரு காரணம். இதை சாப்ட்வேரே தானாகப் போட்டுக்கொள்ளும்.

நுழைவாயிலில்தான் கோளாறு ஆரம்பம். குழாயில் சீரான ஓட்டம் அமைந்துவிட்டால், லேமினாராக இருக்கும்வரை, நடுமையத்தின் வேகம் சராசரியைப் போல 2 மடங்கு. ஆனால் நாம் வாயில் முழுவதும் ஒரே வேகத்தைத் தட்டிவிடுகிறோம். அது அந்தப் பரவளைய வடிவத்துக்கு வர, ரெனால்ட்ஸ் எண் 1000 என்றால், சுமார் 60 விட்ட நீளம் வேண்டும். நாம் வரைந்ததோ 10 விட்டக் குழாய்! அழுத்த இழப்பு புத்தகச் சூத்திரத்தைவிட அதிகமாகத்தான் வரும். உடனே "சாப்ட்வேர் சரியில்லை சார்" என்கிறோம். ஹைட்ராலிக்ஸ் லேபில் ஆரிஃபிஸ் மீட்டருக்கு முன்னால் நேர்க்குழாய் நீளம் விட வேண்டும் என்று பாடம் படித்தவர்கள்தானே நாம்? மவுஸைப் பிடித்ததும் அது எப்படி மறந்துபோகிறது?

வெளிவாயில் இன்னும் பொல்லாதது. நிஜத்தில் ஓட்டம் அங்கே முடிவதில்லை. நாம்தான் வசதிக்காக வெட்டுகிறோம். வெட்டிய இடத்துக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று சாப்ட்வேருக்குச் சொல்ல வேண்டியதும் நாம்தான். இதற்காகவே பேர்போன ஒரு கணக்கு உண்டு: படியிலிருந்து கீழே இறங்கும் ஓட்டம். ஆர்மலியும் கூட்டாளிகளும் 1983இல் சோதனை செய்து அளந்து வெளியிட்டார்கள். கார்ட்லிங் 1990இல், வெளிவாயில் நிபந்தனையைச் சோதிப்பதற்கென்றே அந்த ஓட்டத்தை ரெனால்ட்ஸ் எண் 800இல் கணக்கிட்டார். படிக்குப் பின்னால் கீழ்ச்சுவரில் உண்டாகும் சுழல், சானல் உயரத்தைப் போல 6 மடங்கு தள்ளி முடிகிறது. அதோடு விட்டதா? மேல்சுவரில் இன்னொரு சுழல் 5 மடங்குக்குச் சற்று முன்பே தொடங்கி 10 மடங்கையும் தாண்டுகிறது. அவர் சானலை 30 மடங்கு நீளம் எடுத்துக்கொண்டார்.

நம்ம ஆள் என்ன செய்கிறான்? கீழ்ச்சுழல் முடிந்துவிட்டது என்று 7 மடங்கில் வெட்டுகிறான். வெட்டு, மேல்சுழலின் வயிற்றிலேயே விழுகிறது! வெளியே போக வேண்டிய வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது. என்ன வேகத்தில், எந்தத் திசையில் வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. "ரிவர்ஸ் ஃப்ளோ" என்று சாப்ட்வேர் வரிவரியாகக் கத்துகிறது. நாமோ அந்த ஜன்னலைச் சுருக்கிவிட்டுக் கலர் படத்தைப் பெரிதாக்குகிறோம். ஓப்பன்ஃபோமில் இதற்கு ஒரு கட்டு உண்டு: ஓட்டம் வெளியே போனால் போக விடும், திரும்பி வந்தால் நாம் கொடுத்த மதிப்பைப் பிடித்துக்கொள்ளும். எப்போதாவது எட்டிப் பார்க்கும் பின்னோட்டத்துக்கு அது போதும். நிரந்தரமாக அங்கே குடியிருக்கும் சுழலுக்குப் போதாது.

இன்னொரு கெட்ட பழக்கம் பாதி மாடல். உருளையைச் சுற்றிய ஓட்டத்தில், நேரம் மிச்சம் என்று நடுக்கோட்டில் சிம்மெட்ரி போட்டுவிடுகிறோம். ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 47ஐத் தாண்டினால் உருளைக்குப் பின்னால் மேலும் கீழுமாகச் சுழல்கள் மாறி மாறிக் கழன்று போகும். நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது என்று வேலி போட்ட பிறகு அது எப்படி நடக்கும்? படம் அமைதியாக, அழகாக இருக்கும். வேலியை நாமே போட்டுவிட்டு, ஆடு ரொம்ப சாது என்று எழுதிக் கொடுப்போம்.

"டிப்ளமோவுக்கு இவ்வளவு எதுக்கு, இதெல்லாம் பி.இ.காரங்க பார்த்துப்பாங்க" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தக் கட்டங்களில் எண்களை நிரப்பும் வேலை பெரும்பாலும் யாருக்கு வரும்? நமக்குத்தான். அந்த எண்ணை நம்பித்தான் ஒருவர் பம்ப் வாங்குவார், குழாய் அளவை முடிவு செய்வார்.

ஆகவே துறைக்கு என் கோரிக்கை இது. ரெவ்யூவில் முதல் படத்தைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு பக்கம் வேண்டும்: எந்த ஓரத்தில் என்ன கொடுத்தோம், ஏன் கொடுத்தோம். அடுத்தது, வெளிவாயிலை 2 மடங்கு தள்ளி வைத்து ஓட்டிய இரண்டாவது ரிசல்ட். நமக்கு வேண்டிய இடத்தில் விடை மாறினால் முதல் படத்துக்கு மார்க் கிடையாது. மெஷ் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை, இதைச் செய்தவனுக்குக் கூடுதலாகவே போடலாம்.

இதில் ஒரு நடைமுறைச் சங்கடம் இருக்கிறது. இரண்டாவது ஓட்டத்துக்கு நேரம் வேண்டும். சாயங்காலம் லேபைப் பூட்டிவிட்டால், பாதியில் நிற்கும் கணக்கை எங்கே கொண்டுபோய் ஓட்டுவது? வீட்டில் கம்ப்யூட்டர் உள்ளவன் ஓட்டுவான், மற்றவன் முழிப்பான். ரெவ்யூவுக்கு முந்தின 2 வாரமாவது இரவு 8 மணி வரை லேபைத் திறந்து வைக்கச் சொல்லி, பேரவை நிர்வாகிகள் முதல்வரிடம் மனு கொடுக்க வேண்டும். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.