சாமத்திய வீடும் கறண்ட் பில்லும்

கறண்ட் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதம் ஏறியது, அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். 2024 தொடக்கத்தில் காஸுக்கும் வற் வந்தது. அன்றிலிருந்து எங்கட அம்மாக்கள் செய்யாத சிக்கனமா? விறகடுப்பு, முருங்கையிலைச் சுண்டல், ஆளில்லாத அறையில் லைற் எரிந்தால் "நூருங்கோ" என்ற சத்தம். இவர்களுக்குத்தான் இன்னமும் சேமிக்க வழி சொல்லுகினம்.

சாமத்திய வீட்டைப் பற்றி ஏன் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை? மண்டபம், ட்ரோன் கமரா, மூன்று தரம் உடுப்பு மாற்றம், தலையணை மொத்தத்தில் அல்பம். இதுக்கெண்டு அம்மாவின்ர காப்பு அடைவுக்குப் போகுது. ஒரு பிள்ளைக்கு மாதவிடாய் வந்ததை ஊருக்குச் சொல்ல எடுத்த கடனின் வட்டியை எத்தனை லைற்றை நூர்த்து அடைப்பது?

"சனம் என்ன சொல்லும்?" எண்டு கேப்பினம். சனம் மூக்குமுட்டச் சாப்பிட்டிட்டு, கறிக்கு உப்புக் காணாது எண்டு சொல்லும். (எப்பவும் அதைத்தான் சொல்லும்.) கனடா மாமா காசு அனுப்புறாரெண்டால் பிள்ளையின்ர பேரில வங்கியில போடட்டும், கம்பஸ் செலவுக்கு உதவும்.

தங்கச்சிமாருக்குத் தண்ணி வார்க்கிறதை வீட்டோட முடியுங்கோ எண்டு நாங்கள் வீடுகளில் கதைக்கத் தொடங்கியிட்டம். ஏச்சு விழுகுது. விழட்டும்.