வாத்தியாருக்கு வாத்தியார் யார்?

சென்ற வாரம் நமது பள்ளிக்கூடத்தில் ஆண்டு விளையாட்டு விழா நடைபெற்றது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சிலம்பம் சுற்றிக் காட்டினாள். கம்பு கண்ணுக்குப் புலப்படவில்லை. காற்று அறுபடும் ஓசை மட்டுமே காதில் விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் அவளை அருகே அழைத்து, "யாரிடம் கற்றாய், அம்மா?" என்று கேட்டோம். ஏரிக்கரைப் பக்கம் குடியிருக்கும் ஒரு பெரியவரைச் சொன்னாள். "அவர் யாரிடம் கற்றார்?" என்றோம். பாடத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டாற்போல் விழித்து, "அவர்தானே சார் வாத்தியார்! வாத்தியாருக்கு ஏது சார் வாத்தியார்?" என்றாள்.

கேள்வி நம்மை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தப் பெரியவரையே தேடிச் சென்றோம். எண்பதை எட்டிய வயது. ஆயினும் முதுகு வளையவில்லை. வந்த காரியத்தைச் சொன்னதும் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "பேரு எங்களுக்கு எங்கே சார் தெரியும்? வாத்தியாரேன்னுதான் கூப்பிடுவோம். பேரைச் சொன்னா மரியாதை இல்லைன்னு வளர்த்தாங்க. செங்கல்பட்டுப் பக்கம் ஊரு. அவ்வளவுதான்" என்றார்.

நேயர்களே, இந்த விந்தையைச் சற்றே கவனியுங்கள். பகையால் அழியவில்லை; பஞ்சத்தால் அழியவில்லை; மரியாதையினாலேயே ஒரு குருவின் பெயர் அழிந்துவிட்டது!

ஜப்பான் தேசத்திலும் ஆயுத வித்தைப் பரம்பரைகள் உண்டு. கட்டோரி ஷிண்டோ என்னும் வாள்வித்தைப் பள்ளியை 15ஆம் நூற்றாண்டில் இயிஸாஸா இயெனாவோ என்பவர் நிறுவினார். இருபது தலைமுறைகளாக அதன் தலைமை அந்தக் குடும்பத்திலேயே நின்றுவந்திருக்கிறது. சேரும் மாணவன் தன் விரலைக் கீறி இரத்தத்தால் ஒப்பமிட்டுச் சத்தியம் செய்வது அங்கே வழக்கம். கற்ற பாடத்தின் அளவுக்கேற்ப ஆசான் சுருளேடு எழுதித் தருவார். சென்ற நூற்றாண்டில், தலைமைப் பெயர் குடும்பத்திடம் இருக்க, கற்பிக்கும் பொறுப்பை ஓதகே ரிஸுகே என்ற ஆசான் நெடுங்காலம் வகித்தார். 2021இல் அவர் காலமானார். பட்டத்துக்கு உரியவர் ஒருவர், பாடத்துக்கு உரியவர் மற்றொருவர். ஆனால் யார் யாரிடம் கற்றார் என்ற கணக்கு மட்டும் கலையவில்லை. காரணம், அது ஏட்டில் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? அண்டையிலுள்ள மலையாள நாட்டைப் பாருங்கள். அங்கே களரியின் தென்மேற்கு மூலையில் ஏழு படிகளுடன் பூத்தறை இருக்கும். அதன் அருகே குருத்தறை என்று ஓர் இடம். மறைந்த ஆசான்களின் வரிசைக்கு அங்கே விளக்கேற்றித் தொழுத பின்னரே மாணவன் ஆயுதத்தைத் தொடுவான். ஆனாலும் அங்கும் சங்கிலி அறுபடும் தறுவாய்க்கு வந்தது. பழசிராஜாவின் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1804இல், ஆங்கிலேயர் மலபாரில் ஆயுதம் தாங்குவதைத் தடுத்தார்கள். களரிகள் பல மூடிக் கிடந்தன. கோட்டக்கல் கணாரன் குருக்கள் என்பவர் ஊர் ஊராய் அலைந்து, எஞ்சியிருந்த ஆசான்களிடமெல்லாம் கற்றுச் சேர்த்ததைத் தலைச்சேரியில் சி. வி. நாராயணன் நாயருக்கு அளித்தார். நாயர் 1944இல் இளம் வயதிலேயே மறைந்தார். அவருடைய புதல்வர் கோவிந்தன்குட்டி நாயர் 1956இல் திருவனந்தபுரத்தில் தந்தையின் பெயராலேயே களரி நிறுவினார். வடகரையில் ராகவன் குருக்களுக்குப் பின் அவருடைய களரியை ஏற்று நடத்தியவர் அவர் மனைவி மீனாட்சி அம்மாள்; ஏழு வயதில் களரியில் இறங்கிய அந்த அம்மையாருக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வித்தைக்கு வாரிசு மகன்தான் என்று எந்த விதியும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் நாட்டுக் கதையோ மனத்தைச் சுடுகிறது. சின்ன மருது வளரி எறிவதில் நிகரற்றவர். அவரிடம் பழகிய சிவகங்கைச் சீமை வாலிபர்கள் எத்தனை பேரோ! ஆனால், "அவரிடம் நான் கற்றேன்" என்று எழுதி வைத்து, அதனாலேயே இன்று நாம் பெயர் சொல்லக்கூடிய மாணவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் கும்பினிப் படை அதிகாரி! ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்பித்தவர் சின்ன மருதுவே என்று 1830இல் வெளியான தம் நினைவு நூலில் அவர் நன்றியோடு குறித்திருக்கிறார். 1801இல் அதே குருவை எதிர்த்துச் சென்ற சேனையில் அவரும் இருந்தார். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். உயிர் கொடுத்த சீடர்களின் பெயர் மண்ணோடு போயிற்று. எதிரே நின்றவரின் பெயர் நூலில் நிற்கிறது. எழுதியவன் பிழைத்தான்!

இப்போது சிலம்பத்துக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. அரசாங்க வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அதற்கு இடம் கிடைத்துவிட்டது. பெற்றோர் பிள்ளைகளை அழைத்து வந்து முதலில் கேட்பது சான்றிதழைத்தான் என்று பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சான்றிதழ் வேண்டியதே, நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் தேதி இருக்கிறது, முத்திரை இருக்கிறது. வாத்தியாருக்கு வாத்தியார் யார் என்பதற்குக் கட்டம் இல்லை. அந்த இடம் காலியாயிருக்கும் வரையில், நாளை எவரும் எந்த மகானின் பெயரையும் அதில் எழுதிக்கொள்ளலாம் அல்லவா?

புறப்படும் முன் சலாம் வரிசையைக் காட்டும்படி வேண்டினோம். மூன்றாம் அடியில் அவருடைய இடது கால் மடங்காமல் விறைப்பாகச் சுற்றி வந்தது. முதுமையோ என்று நினைத்தோம். "இல்லை சார். எங்க வாத்தியாருக்கு அந்த முழங்கால் மடங்காது. அவர் வச்ச மாதிரியே நானும் வைக்கிறேன்" என்றார். அப்போதுதான் நமக்கு நினைவு வந்தது: விழாவில் அந்தப் பெண்ணும் அவ்வாறே காலை வைத்தாள்! பெயர் மறைந்த மனிதரின் நோய்கண்ட முழங்கால், பதினான்கு வயதுச் சிறுமியின் உடம்பில் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறது.

நம் திருநின்றவூர்ப் பூசலார் கதை நேயர்கள் அறிந்ததே. கையில் பொருளின்றி மனத்திலேயே கல்லடுக்கிக் கோயில் கட்டினார். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னன் அதைத் தேடிக்கொண்டு வந்தபோது, அப்படியொரு கோயில் இங்கே இல்லையே என்று ஊரார் கையை விரித்தார்கள். இறைவனே மன்னன் கனவில் சொல்லியிராவிட்டால் அந்தக் கோயில் உலகுக்குத் தெரிந்திருக்குமா? நம் கிராமத்து வாத்தியார்களும் மனக்கோயில் கட்டியவர்களே. அவர்களுக்காக எந்த மன்னனும் கனவு காணப்போவதில்லை. நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

ஆகவே, வீட்டில் சிலம்பமோ, நாயனமோ, நாட்டு வைத்தியமோ கற்கும் குழந்தை இருந்தால், இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து ஆசானிடம் அனுப்புங்கள். தெரிந்ததை எழுதட்டும், தெரியாததற்கு இடம் விடட்டும், புனைந்து நிரப்ப வேண்டாம். திங்கட்கிழமை அந்த மாணவி தன் நோட்டைக் கொண்டுவந்து நமக்குக் காட்டினாள். முதல் வரி இதுதான்:

"செங்கல்பட்டுப் பக்கத்து வாத்தியார். பெயர் தெரியவில்லை. இடது முழங்கால் மடங்காது."