மகனின் கடைசிப் பாடமும் வாப்பாவின் கடன் கொப்பியும்

வியாபார நிருவாகமாணி, வணிகமாணி என்று எந்தப் பெயரில் படித்தாலும் முகாமைத்துவ பீட மாணவர்களுக்கு இறுதியாண்டில் ஒரு பாடம் காத்திருக்கும். தந்திரோபாய முகாமைத்துவம் என்று அதற்குப் பெயர். மூலோபாய முகாமைத்துவம் என்றும் சிலர் எழுதுவர். கணக்கீடு, நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம் என முந்திய ஆண்டுகளில் தனித்தனியாகப் படித்தவற்றையெல்லாம் ஒரே மேசையில் வைத்து, 'இந்த வியாபாரம் இனி எந்த வழியில் போக வேண்டும்?' என்று கேட்கும் பாடம் அது.

ஒலுவிலிலோ பேராதனையிலோ படிக்கும் உடப்புசல்லாவைக் கடைக்காரரின் மகன் இந்தப் பாடத்துக்கு எதைப் பற்றி ஒப்படை எழுதுவான்? டொயோட்டாவைப் பற்றி எழுதுவான், கொக்கா கோலாவைப் பற்றி எழுதுவான். வாப்பாவின் கடையைப் பற்றி எழுத அவனுக்குத் தோன்றுவதில்லை. வாப்பாவும் கேட்பதில்லை. பட்டம் கிடைத்ததும் அவன் வங்கிக்கோ அரச தொழிலுக்கோ கட்டாருக்கோ போய்விடுகிறான். கடை, வாப்பாவின் முழங்கால் தாங்கும்வரை நடக்கிறது. அதன்பின் பலகை போடப்படுகிறது, அல்லது வாடகைக்குக் கொடுக்கப்படுகிறது.

மகன் தொழிலுக்குப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கடைக்கு அதிகம் தேவைப்படும் பாடத்தைக் கடைக்காரரின் செலவிலேயே படித்துவிட்டு, அதில் ஒரு வரியைக்கூடக் கடைக்குள் கொண்டுவராமல் போவது வீண்செலவு என்பேன்.

இந்தப் பாடம் பட்டப்படிப்பின் கடைசியில் வைக்கப்பட்டதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க வணிகக் கல்லூரிகளை ஆராய்ந்து கோர்டன், ஹோவெல் என்ற இரு பொருளியலாளர்கள் 1959இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். துண்டு துண்டாகப் படித்ததை மாணவன் ஒன்றுசேர்த்துப் பார்க்க இறுதியில் ஒரு பாடம் வேண்டும் என்பது அவர்களின் சிபாரிசுகளில் ஒன்று. 'வணிகக் கொள்கை' என்ற பெயரில் நடந்த அப்பாடமே பின்னர் தந்திரோபாய முகாமைத்துவம் ஆயிற்று. வியாபாரத்தில் வரும் உண்மையான பிரச்சினை எதுவும் 'நான் நிதிப் பிரச்சினை', 'நான் சந்தைப் பிரச்சினை' என்று பெயர் சொல்லிக்கொண்டு வருவதில்லை அல்லவா?

தோட்டத்துக் கடைத்தெருவின் கடன் கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு மார்ச்சில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. மாவும் சீனியும் பருப்பும் வாரத்துக்கு வாரம் விலையேறின. பத்தாந் திகதிச் சம்பளத்தை நம்பிக் கடன் கொடுத்தவர், காசு கைக்கு வந்தபோது அதே சாமானை அதே அளவில் மீண்டும் வாங்க முடியாமல் நின்றார். கொப்பியில் இலாபம் இருந்தது, இறாக்கையில் சாமான் குறைந்திருந்தது.

கணக்கீடு படித்தவனைக் கேட்டால் கடனை நிறுத்து என்பான். சந்தைப்படுத்தல் படித்தவனோ, நிறுத்தினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பான். இரண்டும் சரிதான். எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு, எந்தச் சாமானுக்குக் கடன், எதற்கு ரொக்கம், வீட்டில் எத்தனை பேர் தோட்டத்தில் பேர் போடுகிறார்கள், எத்தனை பேர் கொழும்பிலிருந்து காசு அனுப்புகிறார்கள் என்றெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அப்படிச் சேர்த்துப் பார்க்கத்தான் அந்தக் கடைசிப் பாடம் பழக்குகிறது.

'எங்கள் பாட்டன்மார் இதையெல்லாம் படித்தா கடை போட்டார்கள்?' என்று முதலாளிமார் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கனடாவின் ஹென்றி மின்ட்ஸ்பேர்க் என்ற பேராசிரியரும் ஏறத்தாழ அதையேதான் சொல்கிறார். தந்திரோபாயம் எப்போதும் திட்டமிட்டுப் பிறப்பதில்லை, செய்து செய்து உருவாவதும் உண்டு என்பது அவரது வாதம். வகுப்பறையில் முகாமையாளரை உருவாக்கிவிடலாம் என்ற நம்பிக்கையை 2004இல் ஒரு நூலில் அவர் கடுமையாகச் சாடினார். லயத்துக்கு லயம் மூட்டை சுமந்து போய், சம்பள நாளைக் கணக்கிட்டுக் கடன் கொடுத்து, தமிழும் சிங்களமும் பேசிப் பழகி வளர்ந்த கடைகளிடம் தந்திரோபாயம் இருந்தது, பெயர்தான் இருக்கவில்லை.

ஆனால் அந்தத் தந்திரோபாயம், தோட்டம் நிறைய ஆட்கள் இருந்த காலத்துக்கு உரியது. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது அங்கு பதிவுத் தொழிலாளர் மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்தனர். இன்று அதில் பாதிகூட இல்லை. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். லயத்தில் மிஞ்சியிருப்பவர்களும் பஸ் ஏறினால் நுவரெலியா சுப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்கலாம். கார்கில்ஸ் தனது முதல் புட்சிட்டியை 1983இல் கொழும்பில் திறந்தபோது, அது மலையேறி வரும் என்று இங்கே யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஹாவர்ட் பேராசிரியர் மைக்கல் போர்ட்டர் 1979இல் எழுதியது இங்கேதான் பொருந்துகிறது. நம்மை நெருக்குபவர் எதிர்க்கடைக்காரர் மட்டுமல்லர். சாமான் தரும் ஏஜென்ட், வாங்கும் வாடிக்கையாளர், புதிதாக வருபவர், நமது சாமானுக்குப் பதிலாக வேறொன்றைத் தருபவர் என எல்லோரும் நமது இலாபத்தில் பங்கு கேட்பவர்களே என்றார் அவர். இதற்கு நம்மூரிலேயே உதாரணம் உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக 1904இல் இராகலை வரை சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. உடப்புசல்லாவைப் பாதை என்று பெயர் வைத்தார்களே தவிர, ரயில் உடப்புசல்லாவைக்கு வந்து சேரவில்லை! தேயிலைப் பெட்டி ஏற்றவே போடப்பட்ட பாதை அது. அதற்கு எதிராக வேறு ரயில் எதுவும் ஓடவில்லை. லொறியும் பஸ்ஸும் வந்தன. 1940களில் பாதையே மூடப்பட்டுவிட்டது.

சூழல் மாறும்போது வழியை மாற்றியவருக்கும் தேயிலையிலேயே உதாரணம் இருக்கிறது. மெரில் ஜே. பெர்னாண்டோ 1950களில் லண்டனில் தேயிலைப் பயிற்சி பெற்றவர். நமது தேயிலை அங்கே பிற நாட்டுத் தேயிலையோடு கலக்கப்பட்டு, வேறு யாருடையவோ பெயரில் விற்கப்படுவதைக் கண்டவர். நாடு திரும்பிய பிறகும் நெடுங்காலம் மொத்தமாகவே ஏற்றுமதி செய்துவந்தார். மொத்த வியாபாரத்தில் விலையைச் சொல்வது வாங்குபவர். 1985இல்தான், இலங்கையிலேயே பொதி செய்த கலப்பில்லாத தேயிலையை டில்மா என்ற சொந்தப் பெயரில் அவுஸ்திரேலியச் சந்தையில் இறக்கினார். பெரிய கம்பனிகளோடு விலையில் மோதவில்லை, அவர்கள் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லி விற்றார். 2023இல் அவர் காலமானபோது அப்பெயர் உலகறிந்த பெயராக இருந்தது.

சில்லறைக் கடைக்கும் டில்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சீனியின் விலையில் சுப்பர் மார்க்கெட்டோடு மோதி நாம் வெல்லப்போவதில்லை. அவர்களால் முடியாதது நம்மிடம் என்ன இருக்கிறது என்றுதான் தேட வேண்டும். வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அறிவோம், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதை அறிவோம். வலப்பனைப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரருக்கு எந்த மாதம் என்ன விதை, என்ன உரம் வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். எதை நம்பி நிற்பது, எதைக் கைவிடுவது என்பது கடைக்குக் கடை வேறுபடும். உரத்தை மட்டும் நம்பியிருந்தவர்களை 2021 மே மாதத்தின் ஒரே வர்த்தமானி என்ன பாடுபடுத்தியது என்பதையும் மறக்கக் கூடாது. இரசாயன உர இறக்குமதித் தடை அந்த நவம்பரிலேயே நீக்கப்பட்டாலும், அந்தப் போகம் போனது போனதுதான்.

இதையெல்லாம் கடையில் இருந்து ஆராய மகனுக்குக் கணக்கு வேண்டும். வாப்பாமார் காட்டமாட்டார்கள். வங்கியில் எவ்வளவு மேலதிகப் பற்று, எந்தக் காசோலை எந்தத் திகதிக்கு, ஊரில் யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் மேசை லாச்சிக்குள் பூட்டிக் கிடக்கும். வருமானவரிக்காரருக்குக் காட்டத் தயங்குவதைப் பிள்ளைக்கும் காட்டத் தயங்கினால் அவன் டொயோட்டாவைப் பற்றித்தான் எழுதுவான். பாக்கிக்காரரின் பெயர்களை மறைத்து எழுதச் சொல்லலாமே. அது அவர்களின் மானம் சம்பந்தப்பட்டது, மறைக்கத்தான் வேண்டும். படிப்பது மகளாக இருந்தால் கொப்பியை அவளிடம் கொடுங்கள். கல்லாவில் அவள் உட்காராவிட்டாலும் கணக்கை வாசிக்க அவளுக்குத் தெரியும்.

விரிவுரையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிறு கடையை ஆய்வுத் தலைப்பாக எடுத்துவரும் மாணவனிடம், தகவல் போதாது என்று சொல்லி அதைத் தள்ளிவிடாதீர்கள். ஆண்டறிக்கை இல்லாத இடத்தில் தகவல் திரட்டுவதுதான் அவனுக்குக் கடினமான பயிற்சி.

தலைப்புக் கொடுக்கும் நாளுக்கு முன் ஒரு விடுமுறை வரும். ஊருக்கு வந்திருக்கும் பிள்ளையிடம் கடந்த மூன்று வருடக் கொப்பிகளைக் கொடுத்து மூன்று விடயங்களை மட்டும் கேட்டுப் பாருங்கள். நமது விற்பனையில் எத்தனை பங்கு கடனுக்குப் போகிறது? எந்தெந்தச் சாமான் இடத்தைப் பிடித்துக்கொண்டு இலாபம் தராமல் கிடக்கிறது? மூன்று வருடத்துக்கு முன் கொப்பியில் இருந்த குடும்பங்களில் எத்தனை இப்போது இல்லை, அவை எங்கே போயின? மூன்றாவது கேள்விக்குக் கொப்பி மட்டும் போதாது. பிள்ளை லயத்துக்கு ஏறிப் போய்க் கேட்டுவர வேண்டியிருக்கும்.