மருந்துக்கு உண்டு, பிள்ளைக்கு?

விருதுநகரில் புது வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் போன் செய்தார்.

"அண்ணாச்சி, ஒரு யோசனை சொல்லுங்க. மாடியில பிள்ளைகளுக்குன்னு தனியா ஒரு ரூம் எடுத்திருக்கேன். விளையாட்டும் அங்கதான், படிப்பும் அங்கதான். ரெண்டு பேரையும் ஸ்கூலுக்கு அனுப்பப் போறதில்ல. வீட்லயே வெச்சுச் சொல்லித்தரப் போறோம். அந்த ரூமுக்கு மட்டும் தரை என்ன போடுறதுன்னு ஒரு மாசமா குழப்பம்."

பள்ளிக்கூடமே வேண்டாம் என்று ஒரே நாளில் முடிவெடுத்தவருக்கு, தரைக்கு ஒரு மாதம் தேவைப்பட்டிருக்கிறது. நான் சிரிக்கவில்லை. தரை அவ்வளவு முக்கியமான விஷயம்தான். ஆனால், அவர் குழம்பிய விதம்தான் சரியில்லை.

கடைக்காரர் காட்டிய முதல் சரக்கு, பளபளவென்று பாலிஷ் போட்ட விட்ரிஃபைடு டைல்ஸ். "முகம் பார்க்கலாம் சார்" என்றாராம். இரண்டாவது, மரம் மாதிரியே தெரியும் வினைல். மூன்றாவது, கலர் கலராகக் கோத்துப்போடும் ஃபோம் விரிப்பு. மூன்றுமே கடையில் அழகாகத்தான் இருந்திருக்கும். ஏனென்றால், நாம் தரையைப் பார்ப்பது ஐந்தரை அடி உயரத்திலிருந்து. பிள்ளை அதைப் பார்ப்பதில்லை. அதன் மேல் வாழ்கிறது. தவழ்கிறது, படுக்கிறது, நக்குகிறது, தண்ணீரைக் கொட்டி நீச்சலடிக்கிறது.

அந்த உயரத்திலிருந்து பாருங்கள். பாலிஷ் டைல்ஸில் ஒரு டம்ளர் தண்ணீர் சிந்தினால், அடுத்து சிந்துவது பிள்ளையின் பல். வினைலை வளையவைப்பதற்குச் சேர்க்கும் ரசாயனங்களில் சிலவற்றைக் குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளிலேயே பல நாடுகள் தடுத்திருக்கின்றன. ஃபோம் விரிப்பில் ஃபார்மமைடு இருக்கிறதென்று பெல்ஜியம் 2010-லேயே விற்பனைக்குத் தடை போட்டது. அப்படியானால் என்னதான் போடுவது? நம் பாட்டன் வீட்டில் இருந்ததுதான். ரெட் ஆக்ஸைடு கலந்த சிமென்ட் தரை, அல்லது சொரசொரப்பான மேட் டைல்ஸ். கரிசல்காட்டு வெயிலுக்குக் காவித் தரை மாதிரி குளிர்ச்சி எதுவும் கிடையாது. உட்கார ஒரு கோரைப்பாய். பாயை வாரம் ஒருமுறை உதறி வெயிலில் போட்டால் போதும். நல்ல காவித் தரை போடத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் கஷ்டம். கிடைத்தால் சொல்லி அனுப்புங்கள், எனக்கும் வேண்டும்.

இதைச் சொன்னதும் நண்பருக்கு முகம் சுருங்கியிருக்க வேண்டும். போனிலேயே தெரிந்தது. "சிமென்ட் தரையா? வர்றவங்க என்ன நினைப்பாங்க அண்ணாச்சி?"

பாருங்கள், தரை யாருக்கு என்பது வெளியே வந்துவிட்டது. வருகிறவர்களுக்கு!

தரையைப் படிப்புக்குச் சம்பந்தமில்லாத பொருளாக நினைப்பதால் வரும் வினை இது. நம் ஊரில் தரைதான் முதல் சிலேட்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி, விரலால்தான் 'அ' எழுதினோம். 1789-ல் சென்னை எழும்பூர் அனாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அசந்துபோனார். அதைத் தன் பள்ளியில் புகுத்தினார். மூத்த பையன் இளைய பையனுக்குச் சொல்லித்தரும் வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டு, 1797-ல் லண்டனில் புத்தகமாகவே போட்டுவிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. நாம் தரையிலிருந்து எழுந்து பெஞ்சுக்குப் போனோம். அவர்கள் நம் தரையைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள்.

நண்பரின் மனைவி மாண்டிசோரி முறையில் சொல்லித்தரப் போகிறாராம். சந்தோஷம். மாண்டிசோரியிலும் பிள்ளை முதலில் கற்பது, தன் பாயைத் தானே விரித்து, வேலை முடிந்ததும் சுருட்டி வைப்பதைத்தான். அந்த அம்மையார் 1939-ல் அடையாறுக்கு வந்தவர். உலகப் போர்க் காலம் முழுக்க இந்தியாவில் இருந்தவர். கொடைக்கானலிலும் தங்கிப் பாடம் நடத்தியிருக்கிறார். ஆனால், அவர் முதல் பள்ளியைத் தொடங்கியது யாருக்காகத் தெரியுமா? 1907-ல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, பார்க்க ஆளில்லாமல் கட்டடத்தைப் பாழாக்குகிறார்கள் என்று வீட்டுக்காரர்கள் புலம்பிய பிள்ளைகளுக்காக! இன்றைக்கு லட்சம் லட்சமாகக் கட்டி நாம் வாங்குகிற படிப்பு, கூலிக்காரர் பிள்ளைக்காகப் பிறந்தது.

அதே மாதிரி அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடும் வீடுகள் நண்பரின் மொட்டை மாடியிலிருந்து ரொம்ப தூரமில்லை. சிவகாசிப் பக்கம் எந்தக் கிராமத்துக்கும் விடியற்காலையில் போய் நில்லுங்கள். பயராபீஸ் வேன் வரும். ஆணும் பெண்ணும் தூக்குச்சட்டியோடு ஏறிப் போவார்கள். பின்னால் வாசலில் நிற்குமே ஒரு மூன்று வயசு, அதற்கு எந்தத் தரை?

அதைச் சொல்வதற்கு முன்னால், அந்த அம்மா போய் உட்காரும் தரையைச் சொல்லிவிடுகிறேன். அது சட்டம் போட்ட தரை. பட்டாசு மருந்தை நம் அரசாங்கம் பூ மாதிரி கவனிக்கிறது. 2008-ம் வருஷத்து வெடிபொருள் விதிகளைப் பாருங்கள். மருந்து புழங்கும் அறையில் மண் துகள் இருக்கக் கூடாது, துருப்பிடிக்கும் இரும்பு இருக்கக் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும். ஆணி அடித்த செருப்போடு உள்ளே வரக் கூடாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. காரணம் எளிது. கல்லும் மருந்தும் உரசினால் பொறி. பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் பார்த்தோம். ஏறக்குறைய நாற்பது பேர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் பார்த்தோம். இருபதுக்கும் மேற்பட்டவர்கள். விதி சரியான விதி. மீறியபோதுதான் உயிர் போனது.

இப்போது பிள்ளையின் சட்டத்தைப் பிரியுங்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம். பள்ளிக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று பின்னால் ஓர் அட்டவணை. ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் எல்லாம் உண்டு. சுவரைப் பற்றிப் பேசும் சட்டத்தில் தரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுவும் ஆறு வயதுக்கு மேல்தான் அந்தச் சட்டம். வாசலில் நிற்கும் மூன்று வயசுக்கு அதுவும் கிடையாது.

மருந்துக்குத் தரை உண்டு. பிள்ளைக்கு மருந்துக்குக்கூட இல்லை!

அந்தப் பிள்ளையின் வீட்டுத் தரை எப்படி? தொகுப்பு வீடாக இருந்தால் பெயர்ந்துபோன சிமென்ட். இல்லாவிட்டால் மண். ஒரு காலத்தில் அதே தரையில்தான் அதன் அம்மா, தன் சின்ன வயசில், பசைக் கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டு தீப்பெட்டி ஒட்டியிருப்பாள். சலம் பென்னூர்கர் 1990-ல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கைகளின் வேகம் மறக்காது. விளையாட்டு அறை, படிப்பு அறை, வேலை அறை மூன்றும் அந்த ஒரே தரை.

"அதெல்லாம் பழைய கதை அண்ணாச்சி. இப்ப யாரு பிள்ளைய வேலைக்கு வைக்கிறா?" நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் ஒப்புக்கொள்கிறேன். சிவகாசியை வைத்துத் தொடுத்த எம்.சி.மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 1988-லேயே குழந்தைத் தொழிலாளர்களுக்கான சிறப்புப் பள்ளிகள் வந்தன. இவற்றோடு சத்துணவும் சேர்ந்து ஆலையிலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவந்துவிட்டது. பெரிய காரியம்தான். குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால், பிள்ளை ஆலைக்குப் போவது நின்றது. ஆலை பிள்ளையிடம் வருவது நிற்கவில்லை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும் அம்மாவின் கையைப் பாருங்கள். அலுமினியப் பவுடர் பட்டு வெள்ளி பூசின மாதிரி மின்னும். சேலையில் இருக்கும், கால் விரலிடுக்கில் இருக்கும். வாசலைத் தாண்டியதும் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். காலிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து பிள்ளையின் கைக்கு, கையிலிருந்து வாய்க்கு. இதற்கு ஆராய்ச்சி வேண்டாம், ஒரு வயசுப் பிள்ளையை அரை மணி நேரம் பார்த்தாலே போதும். வாரியலால் கூட்டினால் தூசி எழும்பி மறுபடி அங்கேயேதான் உட்காரும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பெயர்ந்த தரையை எப்படித் துடைப்பது? தண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் எந்தத் தண்ணீரில் துடைப்பது?

"வேலை விட்டதும் குளிச்சிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?" என்று தொழிலாளிக்கு உபதேசம் செய்யாதீர்கள். ஆலை வாசலிலேயே தண்ணீரும் சோப்பும் உடை மாற்ற இடமும், அதற்குச் சம்பளத்தோடு பத்து நிமிஷமும் கொடுங்கள். பிறகு உபதேசம் செய்யலாம். மருந்தறைக்கு ரப்பர் விரிப்பு வாங்கத் தெரிந்த முதலாளிக்கு ஒரு குளியலறை கட்டத் தெரியாதா?

அடுத்தது அங்கன்வாடி. அந்த மூன்று வயசுக்கு இருக்கிற ஒரே மாண்டிசோரி அதுதான். சோறும் முட்டையும் கொடுத்துவிட்டோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்று தமிழ்நாட்டுக்கே சொல்லிக்கொடுத்தவர் இதே விருதுநகரில் 1903-ல் பிறந்த காமராஜர். அந்தச் சோற்றை உட்கார்ந்து தின்ன, தின்றபின் தூங்க, எழுந்து கிறுக்க, வழுக்காத, வெடிப்பில்லாத, துடைத்தால் சுத்தமாகும் தரையும், தலைக்கொரு பாயும் கேட்பது பேராசையா? வேன் வரும் நேரத்துக்கு அங்கன்வாடி திறந்திருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையா?

இதைப் படிக்கும் உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. உங்கள் பிள்ளையின் அறைச் சுவரில் தொங்கும் காலண்டரும், அதன் கையில் இருக்கும் நோட்டும் அநேகமாக சிவகாசி அச்சுதான். தீபாவளிக்கு நீங்கள் வாங்கிய கம்பி மத்தாப்பும் அங்கிருந்துதான். உங்கள் வீட்டு விளையாட்டு அறையில் பாதியை அனுப்பிவைத்த ஊர் அது. பதிலுக்கு ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெரு அங்கன்வாடிக்கு ஒருநாள் போய், நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தத் தரையில் பிள்ளைகளோடு அரை மணி நேரம் உட்காருங்கள். உங்களால் உட்கார முடிந்தால் நல்ல தரை. முடியாவிட்டால், எழுந்து நேராகக் கவுன்சிலர் வீட்டுக்குப் போங்கள். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போங்கள். கிராம சபையில் கேளுங்கள்.

போன வாரம் நண்பர் மறுபடி பேசினார். கடைசியில் காவித் தரைதான் போடப் போகிறாராம். கொத்தனாரும் கிடைத்துவிட்டாராம்.

"சந்தோஷம். அந்தக் கொத்தனாருக்கு இன்னும் ரெண்டு நாள் கூலி சேர்த்துக் கொடுங்க. உங்க தெரு முக்கில ஒரு அங்கன்வாடி இருக்குமே, அந்தத் தரையும் ரெண்டு நாள் வேலைதான்" என்றேன்.

"கேட்டுப் பாக்குறேன் அண்ணாச்சி" என்றார்.

கேட்டாரா என்று அடுத்த தடவை விருதுநகர் போகும்போது பார்க்க வேண்டும். அவர் வீட்டுக்கு அப்புறம் போகலாம். முதலில் தெரு முக்குக்கு.