ஊற்றுகின்ற கை

2023 ஏப்ரலில், கோயம்பேட்டுப் பேரங்காடி ஒன்றிலுள்ள டாஸ்மாக் கடையில் தானியங்கி மது விற்பனை இயந்திரம் வைக்கப்பட்ட செய்தி வந்தபோது எங்கும் கொதிப்பு எழுந்தது. திரையைத் தொட்டு மதுவைத் தேர்ந்து பணம் செலுத்தினால் புட்டி வந்து விழும். பிள்ளைகள் கைக்கு மது போய்ச் சேருமே என்று பலர் பதறினர். இயந்திரம் கடைக்குள்ளேதான் இருக்கிறது, பணியாளர் முன்னிலையில்தான் இயங்கும் என்று அரசு விளக்கியது. பேச்சு அத்துடன் ஓய்ந்தது. ஓய்ந்திருக்கக் கூடாது என்பதே என் வழக்கு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திராட்சை இரசத்தையே பாவமென்று வெறுக்கும் மரபு நம்முடையதன்று. அதை நாள்தோறும் பீடத்தில் உயர்த்துகிறோம். ஆண்டவரின் முதல் அரும் அடையாளமே கானாவூர்த் திருமணத்தில்தான் நிகழ்ந்தது. ஆனால் அந்தப் பந்தியில் எத்தனை பேர் என்று பாருங்கள்! குறையைக் கண்டு சொல்ல ஒரு தாய். கற்சாடிகளை நிரப்பவும் மொண்டு செல்லவும் பணியாளர். சுவைத்துப் பார்க்க ஒரு பந்தி மேற்பார்வையாளர். இரசம் கைமாறிக் கைமாறியே விருந்தினரை அடைந்தது.

மேலைநாட்டு மதுக்கூடங்கள் சிலவற்றில் வேறொரு வகை இயந்திரம் உண்டு. முன்பணம் ஏற்றிய அட்டையைச் செருகிப் பொத்தானை அழுத்தினால், விரும்பிய திராட்சை இரசம் அளவாகக் கிண்ணத்தில் இறங்கும். காற்றுப் பட்டுக் கெடாதபடி புட்டிக்குள் ஆர்கான் அல்லது நைட்ரஜன் வாயுவைச் செலுத்துகிறார்கள். திறந்து பல நாள் ஆனாலும் சுவை மாறாது. முழுப் புட்டி வாங்க வசதியில்லாதவனும் ஒரு மிடறு சுவைக்கலாம். நல்ல பொறியியல்தான், குறைகூறவில்லை. இரசம் கெடாமலிருக்க இத்தனை ஏற்பாடு! குடிப்பவன் கெடாமலிருக்க? அட்டையில் பணம் தீர்வது ஒன்றே அந்த இயந்திரம் அறிந்த 'போதும்'.

"மனிதன் விற்றால் மட்டும் என்ன வாழ்ந்தது? புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்கிறான்; இயந்திரம் கேட்காதே" என்பார் உளர். நியாயமான கேள்வி. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலை வேலை முடித்து வரும் தொழிலாளி, கம்பி வலைக்குப் பின்னாலிருந்து நீளும் ஒரு கையிடம்தான் புட்டி வாங்குகிறார். "இன்றைக்கு வேண்டாம் அண்ணே, வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்ல அந்தக் கைக்கு உரிமை உண்டா? மது சில்லறை விற்பனையை 2003 இறுதியில் அரசே தன் வசம் எடுத்துக்கொண்டது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள். ஆயினும் 2023-24 நிதியாண்டின் மது வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டி, முந்தைய ஆண்டைவிட உயரவே செய்தது. இத்தனை பெரிய தொகைக்கு முன்னே ஒரு விற்பனையாளர் எந்த வாயால் மறுப்பார்? கோயம்பேட்டுக்கு இயந்திரம் புதிது. வடசென்னைக்கு அது மனித உருவில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

கடைகளை மூடினால் எல்லாம் தீருமா? இயந்திரச் செய்தி வந்த அடுத்த மாதமே, மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்ற மீனவச் சிற்றூரில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் மாண்டார்கள். அந்த விற்பனைக்கு இயந்திரமும் இல்லை, கம்பி வலையும் இல்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இராயப்பர் பெயரைத் தாங்கிய இராயபுரத்தில், திருமண விருந்தன்று மண்டபத்தின் பின்புறம் நடப்பது என்ன? புதுநன்மை வாங்கிய சிறுவன் முன்பந்தியில் அமர்ந்திருக்க, அவன் மாமன்மார் பின்வாசலில் நிற்கிறார்கள். அங்கே ஊற்றுவது இயந்திரமன்று, உடன்பிறந்தவன் கை. தடுக்கவும் வல்ல கை அது ஒன்றே. "ஒரு நாள்தானே, மச்சான்" என்று அதுவே கிண்ணத்தை நிரப்பிவிடுகிறது. அரசைச் சாடும் நாம் இதைப் பற்றி அன்பியக் கூட்டத்தில் ஒருநாளேனும் வாய் திறந்ததுண்டா?

குடிநோய்க்குப் பெயர்பெற்ற டி.டி.கே. மருத்துவமனை அடையாற்றுப் பக்கம் இருக்கிறது. எண்ணூர்க்காரர் நகரையே குறுக்காகக் கடந்து போக வேண்டும். 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவினர் கட்டணம் ஏதும் கேட்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது வாரத்தில் ஒரு மாலை, ஓர் அறை, சில நாற்காலிகள். நம் பங்கு மண்டபங்களோ விருந்தில்லாத மாலைகளில் பூட்டிக் கிடக்கின்றன. சாவி யாரிடம் இருக்கிறது என்பது பங்குப் பேரவையினர் அறியாததன்று.