கடன் தீர்க்கும் சாமி

கும்பகோணத்தை அடுத்த திருச்சேறையில் கடனைத் தீர்க்கும் லிங்கம் ஒன்று இருப்பதாகவும், அதற்கு 11 திங்கட்கிழமை அர்ச்சனை செய்தால் பட்ட கடனெல்லாம் பறந்துபோகும் என்றும் சொல்லப்படுகிறது. பாங்கியில் கல்விக்கடன் வாங்கிப் பட்டம் பெற்று, வேலை கிடைக்காமல் ஊர் திரும்பிய தஞ்சை ஜில்லா வாலிபர்களையும் பெரியவர்கள் அங்குதான் அனுப்புகிறார்கள்.

கணக்குப் பாருங்கள். 4 லட்சம் ரூபாய்க்கு நூற்றுக்குப் பத்து வட்டியானால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 ரூபாய். முதல் திங்களுக்கும் பதினோராம் திங்களுக்கும் இடையே 70 நாள். ஏறும் வட்டியோ 7,600 ரூபாய்க்கு மேல்! இதில் சாமி ஒரு காசாவது தள்ளிக் கொடுத்ததுண்டா?

பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 4½ லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக் கடனுக்குப் படிப்புக்கால வட்டியைச் சர்க்காரே ஏற்கும் திட்டம் 2009-இல் வந்தது. அது உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டதா என்று பாங்கியை எழுத்து மூலம் கேட்டீர்களா? தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டும்படி மனுப் போட்டீர்களா? கடன் பத்திரத்தில் தகப்பனாரும் கையெழுத்திட்டிருக்கிறாரே! நீங்கள் சும்மா இருந்தால் நாளை அவர் கேட்கும் பயிர்க்கடனுக்கும் முட்டுக்கட்டை விழாதா?

கல்விக்கடன் என்பது தலையெழுத்தல்ல, கையெழுத்து. கையெழுத்திட்டவனுக்குக் கட்டும் கடமை உண்டென்றால் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. அர்ச்சனைத் தட்டைக் கீழே வையுங்கள். மனுவைக் கையில் எடுங்கள்!