ஒரே குடும்ப அட்டை, உரிமையற்ற தாய்: தன்பாலின இணையரும் தத்தெடுப்புச் சட்டமும்

ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். இந்த எல்லையை வேலைக்காக நாள்தோறும் கடப்போர் ஏராளம். சாதிக்கும் சொந்த வீட்டுக்கும் அஞ்சிக் கடப்போரும் உண்டு. சிப்காட்டை ஒட்டிய வாடகை அறைகளில், கேட்பவரிடம் தோழியர் என்று சொல்லிக்கொண்டு இணையராக வாழும் பெண்களும் அவர்களுள் அடங்குவர். அப்படி வாழும் இருவர் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விரும்பினால் சட்டம் அவர்களை எப்படி நடத்தும்?

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், திருமணமாகாத தனிநபரும் தத்தெடுக்கலாம் என்கிறது. தத்தெடுப்பு ஆணையை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். ஆனால் இணையராகத் தத்தெடுக்க வேண்டுமெனில், குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிலையான மணவாழ்வு வேண்டும் என்கிறது 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின் 5(3)ஆம் விதி. திருமணமே மறுக்கப்பட்டவர்களிடம் மணவாழ்வின் ஆண்டுக்கணக்கு கேட்கப்படுகிறது. தனிநபராக விண்ணப்பிப்பதும் எளிதன்று. மணம் புரியாமல் இணையருடன் வாழ்பவரின் விண்ணப்பம் ஏற்கப்படாது என மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் 2022 ஜூன் 16 அன்று சுற்றறிக்கை வெளியிட்டது. ஆக, பொய் சொன்னால் தாயாகலாம். உண்மை சொன்னால் தகுதியில்லை.

இந்த விதியும் சுற்றறிக்கையும் சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தன. 2023 அக்டோபர் 17 அன்று, திருமண உரிமையை ஐந்து நீதிபதிகளும் மறுத்தனர். தத்தெடுப்பில் மூன்றுக்கு இரண்டு எனப் பிரிந்தனர். மணமான ஆண்–பெண் இணையரால் மட்டுமே குழந்தைக்கு நிலையான வாழ்வு தர முடியும் என்பதற்கு எந்த ஆதாரமும் முன்வைக்கப்படவில்லை என்றார் தலைமை நீதிபதி சந்திரசூட். நீதிபதி கவுல் உடன்பட்டார். பெரும்பான்மைத் தீர்ப்போ விதியை நிலைநிறுத்தியது. எனினும் தனியாகத் தத்தெடுத்தபின் மணமின்றிச் சேர்ந்து வாழும் குடும்பங்கள் இருப்பதையும், அக்குழந்தைகள் மற்றக் குழந்தைகளுக்குரிய பயன்களை இழக்கக்கூடும் என்பதையும் நீதிபதி ரவீந்திர பட் ஏற்றார். அரசு இதைப் பரிசீலிக்கட்டும் என்றார். பாதிப்பைக் கண்ட பின்னும் பரிகாரத்தை அரசிடமே விட்டது எமக்கு ஏற்புடையதன்று. சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

விந்தை என்னவெனில், இதே ஒன்றிய அரசு 2024இல் தன்பாலின இணையரை ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதுமாறு மாநிலங்களுக்கு எழுதியது. அரிசி வாங்க ஒரு குடும்பம். பிள்ளை வளர்க்க இரு அந்நியர்!

இந்த அந்நியத்தன்மையின் முழு விலை, தத்தெடுத்தவர் இறக்கும்போதுதான் தெரியும். இரவெல்லாம் கண்விழித்து வளர்த்த மற்றவளுக்கு அக்குழந்தையின்மீது பெற்றோருக்குரிய உரிமை எதுவுமில்லை. உயில் எழுதி வைக்கலாம். தகராறு எழுந்தால் நீதிமன்றப் படியேறித்தான் ஆக வேண்டும். எதிர்த்தரப்பில் நிற்பது யார்? மகளை வீட்டைவிட்டு விரட்டிய அதே பிறந்தகம், இப்போது இரத்த உறவாக வந்து நிற்கும். இறந்தவள் ஆதிக்கச் சாதியில் பிறந்தவளாகவும், எஞ்சியவள் தலித்தாகவும் இருந்தால் அந்தக் குழந்தைக்காக நடக்கும் போர் எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரத்த உறவே பாதுகாப்பு என்று இந்த மண்ணிலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஓசூர் அருகே சாதி மறுத்து மணந்த இளம் இணையர் 2018 நவம்பரில் கொல்லப்பட்டு, எல்லைக்கு அப்பால் காவிரியில் பிணங்களாக மீட்கப்பட்டனர். மணமகன் தலித். கொலை செய்ததாகக் கைதானவர்கள் பெண்ணின் உறவினர். அகமண முறையே சாதியின் சாரம் என்று அண்ணல் அம்பேத்கர் 1916இலேயே எழுதினார். எந்தக் குடும்பம் செல்லும், எது செல்லாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் சாதியின் ஆயுதம். சட்டமும் அதற்குத் துணைபோனதுண்டு: 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த 7ஏ பிரிவு, முன்பு நடந்த அத்தகைய மணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கியது.

திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று என 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தன் வீட்டாரால் அடைத்துவைக்கப்பட்ட இளம்பெண்ணை விடுவித்த வழக்கில் கூறியது. 5(3)ஐ மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. அது ஆணையம் வகுத்த ஒழுங்குமுறை, ஆணையமே திருத்தலாம். 2024 ஏப்ரலில் அமைச்சரவைச் செயலர் தலைமையில் அமைந்த குழுவின் முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் இரண்டே: மணவாழ்வு நிபந்தனையை நீக்குக, உடன் வளர்க்கும் இணையரையும் குழந்தையின் பெற்றோராகப் பதிவு செய்ய வழிசெய்க.